அரிசி வாளிச் சவால்

அரிசி வாளிச் சவால் என்பது 2014 ஆகஸ்ட் மாதம் ஐதராபாத்தில் தொடங்கி, இணையம் வழியாகப் பரவிய அறப்பணி முயற்சியாகும். ஆங்கிலத்தில் இது ரைஸ் பக்கெட் சேலஞ்ச் எனப்பட்டது. இதனைத் தொடங்கியவர் பத்திரிகையாளர் மஞ்சுலதா கலாநிதி.

பின்னணி

அதே ஆண்டு கோடையில் அமெரிக்காவில் ஐஸ் பக்கெட் சவால் பரவியது. தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். என்ற நோய்க்கான ஆய்வுக்கு நிதி திரட்டுவதே அதன் நோக்கம். அந்நோயால் பாதிக்கப்பட்ட பீட் ஃபிரேட்ஸ், பாட் குயின் ஆகியோர் அதைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர்கள். பங்கேற்பவர் ஒரு வாளி பனிநீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, மூவரின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் அவ்வாறே செய்ய வேண்டும். இல்லையேல் நன்கொடை தர வேண்டும். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு இதன்மூலம் 11.5 கோடி டாலர் கிடைத்தது.

இந்தியாவில் மாற்றம்

கோடையில் குடிநீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர்கள் நம் நாட்டில் பல. இங்கே தண்ணீரைக் கொட்டுவது பொருந்தாது என்று கருதிய மஞ்சுலதா, வாளியை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் மாற்றினார். ஒரு வாளி அரிசியையோ சோற்றையோ தேவைப்படுவோருக்குக் கொடுத்து, அந்தப் படத்தை இணையத்தில் பகிர்ந்து, நண்பர்களையும் அழைக்க வேண்டும் என்பதே விதி. 10 லிட்டர் வாளியில் ஏறத்தாழ 8 கிலோ அரிசி பிடிக்கும். நாளுக்கு ஒரு கிலோ பொங்கும் குடும்பத்துக்கு அது ஒரு வாரச் சோறு.

பரவும் முறை

இத்தகைய சவால்கள் பரவ மூன்று காரணங்கள் உண்டு. தேவையான பொருள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. செய்ய ஒரு நிமிடம் போதும். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் மறுக்கத் தயங்குகிறார். இதே காரணங்கள்தாம் தீங்கான சவால்களையும் பரப்புகின்றன.

ஆபத்தான சவால்கள்

ஒரு கரண்டிப் பட்டைத்தூளைத் தண்ணீர் இல்லாமல் 60 விநாடிக்குள் விழுங்குவது அவற்றுள் ஒன்று. உலர்ந்த தூள் தொண்டையில் ஒட்டி இருமலை உண்டாக்கும். மூச்சை இழுக்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும். அதிலுள்ள செல்லுலோஸ் அங்கே எளிதில் கரையாது. 2018 தொடக்கத்தில், சலவைத் திரவம் அடைத்த சிறு பொதிகளைக் கடிக்கும் காணொளிகள் பரவின. செறிவான அத்திரவம் வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும்; மூச்சுத்திணறலும் வரலாம். அக்காணொளிகளை யூடியூப் நீக்கியது.

நல்ல நோக்கமுள்ள சவாலிலும் கவனம் தேவை. 2014இல் கென்டக்கி மாநிலத்தில் மாணவர்கள்மீது தண்ணீர் ஊற்ற வந்த தீயணைப்பு வண்டியின் ஏணி, உயரழுத்த மின்கம்பியை நெருங்கியதால் வீரர்கள் மின்தாக்குதலுக்கு ஆளாயினர். அவர்களுள் ஒருவர் பின்னர் உயிரிழந்தார்.

செய்யும்முன் எண்ண வேண்டியவை

• பொருள் உடலுக்குள் போகிறதா, கண்ணில் படுமா, தீப்பற்றுமா?
• இதனால் யாருக்குப் பயன்?
• படம் எடுக்காவிட்டாலும் இதைச் செய்வோமா?

அழைப்பை மறுப்பது கோழைத்தனம் ஆகாது. சலவைத் திரவம் போன்றவற்றை யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108 எண்ணை அழைத்து, விழுங்கிய பொருளின் உறையுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.