அடுப்பில் பால், கண்கள் டிவியில்! வீட்டு விபத்துகள் ஏன் நடக்கின்றன?

மஃரிப் தொழுகை முடிந்த பிறகு நம் வீடுகளில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அடுப்பில் இரவுச் சாப்பாடு வேகிறது. கூடத்தில் டிவி ஓடுகிறது. இந்த மூன்றில் எது மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. மொட்டை மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடுகிறது. இஸ்திரிப் பெட்டி சட்டையின் முதுகில் கறுப்பாகத் தன் முத்திரையைக் குத்திவிடுகிறது.

இவற்றையெல்லாம் சிரித்தோ, திட்டியோ கடந்துவிடுகிறோம். பெரும்பாலும் திட்டு வாங்குவது வீட்டுப் பெண்கள்தான். "சீரியல் பைத்தியம்" என்ற பட்டமும் அவர்களுக்கே கிடைக்கிறது. கிரிக்கெட்டின் கடைசி ஓவரைப் பார்த்துக்கொண்டே மோட்டாரை நிறுத்த மறந்த ஆண்களுக்கு அப்படி எந்தப் பட்டமும் இல்லை.

உண்மையில் இதை வெறும் சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ ஒதுக்கிவிட முடியாது. மனிதனின் கவனம் எப்படி வேலை செய்கிறது என்பதோடு தொடர்புடைய விஷயம் இது. அதைப் புரிந்துகொண்டால், சண்டை சச்சரவு இல்லாமலேயே பல விபத்துகளைத் தடுத்துவிடலாம்.

டிவி வீட்டுக்குள் வந்த கதை

சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்று டிவி என்பது வசதியானவர்கள் வீட்டுப் பொருள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க, தெருவே ஒரு வீட்டின் முன் கூடிய காலம் அது. தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் டிவி பார்க்கும் நேரத்தில் பால் பொங்க வாய்ப்பே இல்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்த பிறகு நிலைமை மாறியது. வாரம் ஒருமுறை பார்த்தது போய், தினமும் பார்க்கும் பழக்கம் வந்தது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதிப்படி, அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று முதல்வர் கருணாநிதி இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 அங்குல டிவிக்கள் வழங்கப்பட்டன. குடிசையானாலும் ஓட்டு வீடானாலும் டிவி இல்லாத வீடு அரிதாகிப்போனது. 2011 செப்டம்பர் 15 அன்று அடுத்த முதல்வர் ஜெயலலிதா இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கினார். மிக்சி ஓடினால் டிவி சத்தம் கேட்காது. டிவி சத்தத்தைக் கூட்டினால் அடுப்படியில் நடப்பது கேட்காது.

சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில் உள்ள ஜலகண்டாபுரம் போன்ற நெசவு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தறியும், சமையலும், உறக்கமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் வீடுகள் அங்கே உண்டு. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்தவர்கள் மாலையில் டிவி முன் சற்று நேரம் உட்கார விரும்புவதில் குற்றமில்லை. உழைத்தவர்களுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அந்த ஓய்வு நேரமும் சமையல் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் பிரச்சினை.

கண் முழுகினால் காது அடைபடும்

"அடுப்படியில் இவ்வளவு சத்தம் கேட்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா?" என்று கேட்டால், "கேட்கவே இல்லை" என்று பதில் வரும். பலரும் இதைச் சாக்கு என்று நினைக்கிறார்கள். அது சாக்கு அல்ல.

2015ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், கண்ணுக்குக் கடினமான வேலை கொடுக்கப்பட்டவர்களின் மூளைச் செயல்பாட்டை அளந்து பார்த்தார்கள். கண் வேலையில் முழுகியிருந்தபோது, ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினையே குறைந்திருந்தது. சத்தம் காதுக்கு வருகிறது. ஆனால் மூளை அதைச் சரியாக வாங்கிக்கொள்வதில்லை.

காதுக்கு மட்டும்தான் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் 1999ல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பந்தை ஒருவருக்கொருவர் எறியும் காட்சியைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து வந்து, நின்று, மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை!

எனவே, "டிவி பார்த்தாலும் ஒரு கண் அடுப்பில்தான் இருக்கிறது" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். அடுப்பு கண்ணுக்கு நேராக இருந்தாலும்கூட, கவனம் அங்கே இல்லையென்றால் பால் பொங்குவது தெரியாது.

விளம்பர இடைவேளை வரட்டும்

"இந்த சீன் முடியட்டும், எழுந்து போகிறேன்" என்று சொல்லாத வீடு இல்லை. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. பெனால்டி வரை போன ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பிரிட்டனில் மின்சாரத் தேவை திடீரென்று சுமார் 2,800 மெகாவாட் எகிறியது. அதுவரை நாற்காலியை விட்டு அசையாதிருந்த மக்கள் ஒரே நேரத்தில் எழுந்து, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க மின்கெட்டில்களைப் போட்டதே முக்கியக் காரணம். நம் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட்தான். அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

ஒரு நாடே தாகத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தது என்றால், நம் வீட்டில் ஒருவர் பாலைத் தள்ளிப்போடுவது வியப்பல்ல. தாகம் காத்திருக்கும், அடுப்பு காத்திருக்காது. தொடர்களை எடுப்பவர்களும், எழுந்து போக மனம் வராத இடமாகப் பார்த்துத்தான் இடைவேளை விடுகிறார்கள். அது அவர்கள் தொழில். அதற்கேற்ப நம் அடுப்படியை ஒழுங்கு செய்துகொள்வது நம் வேலை.

பால் ஏன் ஏமாற்றுகிறது?

தண்ணீர் கொதித்தால் குமிழிகள் வந்து உடைந்துவிடும். பால் அப்படி இல்லை. சூடாகும்போது பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடையாகப் படிகின்றன. அடியில் உருவாகும் நீராவி வெளியேற வழியின்றி அந்த ஆடைக்குக் கீழே தேங்குகிறது. புரதம் குமிழிகளை எளிதில் உடையவும் விடுவதில்லை. நுரை திரண்டு, ஆடையைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக எழும்புகிறது.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? பல நிமிடங்கள் பாலில் எந்த மாற்றமும் தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நேரம் இருக்கிறது" என்று திரும்பி வருகிறோம். ஆனால் பொங்குவது சில நொடிகளில் நடந்து முடிகிறது. பால் குக்கர் இதற்கு நல்ல தீர்வு. அதன் இரட்டைச் சுவருக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து விசில் அடிக்கும், பால் பொங்குவதில்லை.

எது சிரிப்பு, எது ஆபத்து?

தீய்ந்த சாதத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் பால் வழிந்து அடுப்பின் தீயை அணைத்துவிட்டால், அது சிரிக்கிற விஷயமல்ல. தீ அணைந்தாலும் பர்னர் வழியாக எரிவாயு வந்துகொண்டே இருக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். பாய் விரித்துப் பிள்ளைகள் படுத்திருக்கும் கூடம் வரை வரலாம். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மணமில்லாத அந்த வாயுவில் துர்நாற்றம் தரும் பொருளைக் கலக்கிறார்கள்.

வாடை வந்தால் பலர் முதலில் செய்வது டிவியை நிறுத்த ஓடுவது. அதைச் செய்யவே கூடாது. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உண்டாகும் சிறு தீப்பொறி போதும், வாயு பற்றிக்கொள்ள. டிவி ஓடிக்கொண்டே இருக்கட்டும். அடுப்பின் குமிழியையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு, சன்னல்களைத் திறங்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகு, எரிவாயுக் கசிவுக்கான 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

குக்கரில் தண்ணீர் வற்றிப்போனால் முதலில் பருப்பு கருகும். பிறகு சேஃப்டி வால்வு உருகித் திறந்துகொள்ளும். அது நம்மைக் காப்பாற்ற வைக்கப்பட்டது. அது போய்விட்டால் அதே நிறுவனத்தின் புதிய வால்வைத்தான் மாட்ட வேண்டும்.

இன்னொரு ஆபத்து டிவிப் பெட்டியிலேயே இருக்கிறது. பழைய டிவிக்களில் கனமான கண்ணாடி முன்பக்கம் இருந்ததால் அவை முன்னால் கவிழும். இன்றைய தட்டை டிவிக்கள் எடை குறைவு. ஆனால் குறுகிய காலில் நிற்பதால் ஒரு குழந்தை பிடித்து இழுத்தாலே விழும். ரிமோட்டை டிவி மேசையின் மேல் வைத்தால், அதை எடுக்கக் குழந்தை ஏறும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்ததால், அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் டிவியையும் அலமாரியையும் சுவரோடு பிணைக்கச் சொல்லி 2015ல் ஒரு பிரச்சாரமே தொடங்கியது. நம் வீடுகளில் இரண்டு திருகாணிகளில் முடிகிற வேலை இது.

நபிகளாரின் அறிவுரை

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே எரிந்துபோனது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களுக்குச் சொல்லப்பட்டபோது, நெருப்பு மனிதனுக்குப் பகையானது என்றும், உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் அறிவுறுத்தியது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. உறங்குபவரால் நெருப்பைக் கவனிக்க முடியாது. டிவியில் முழுகியிருப்பவர் கண் விழித்திருந்தாலும் அவர் கவனம் உறங்குகிறது. அந்த நேரத்துக்கும் இந்த அறிவுரை பொருந்தும்.

ரமளானில் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு அடுப்பைப் பற்ற வைக்கிறோம். சஹர் நேர நிகழ்ச்சிகளும் டிவியில் ஓடுகின்றன. வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்களுக்குத் தெரியும், அரிசியும் பருப்பும் கெட்டிப்பட்ட பிறகு கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.

நாம் செய்யக்கூடியவை

1. டிவி முன் உட்காரும் முன் அடுப்பை அணையுங்கள். பால் காய்ச்சுவதைத் தொடருக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

2. அடுப்பு எரிந்துதான் ஆக வேண்டுமென்றால், அடுப்படிக்கு ஒருவர் பொறுப்பு என்று முறை வையுங்கள். அந்த முறையில் அத்தாவும் வளர்ந்த பையன்களும் இருக்கட்டும்.

3. கைப்பேசியில் அலாரம் வைத்துக் கையிலோ மடியிலோ வைத்திருங்கள். அதிர்வு உடம்பில் படும்போது, கேட்காத காதுக்கும் சேதி எட்டும். மோட்டார் போட்டாலும் இதேபோல் செய்யுங்கள்.

4. இஸ்திரி போடும்போது டிவி வேண்டாம். நடுவில் எழ நேர்ந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள்.

5. நன்னிமாவின் தேநீர் டம்ளரும் தவழும் குழந்தையும் டிவி முன் அருகருகே இருக்க வேண்டாம். சுடு தேநீர் குழந்தையின் மெல்லிய தோலை நொடியில் புண்ணாக்கிவிடும்.

6. டிவியைக் காட்டிச் சோறு ஊட்டும் பழக்கத்தைக் குறையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ல் பரிந்துரைத்துள்ளது.

டிவி பார்ப்பதைக் குறைக்க வேண்டுமா, எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் "நீ ஏன் கவனிக்கவில்லை?" என்று ஒருவரையே குறை சொல்வதால் நாளைக்குப் பால் பொங்காமல் இருக்கப் போவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக, இன்று இரவு டிவியைப் போடும் முன் வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அடுப்பை அணைத்தாயிற்றா?"