உங்களுக்குத் தெரியுமா? தொட்டியில் காய்க்கும் காரம்

மிளகாயின் காரம் விதையில் பிறப்பதில்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் உள் வெள்ளைச் சதையில்தான் சுரக்கிறது. அங்கிருந்து விதையின் மேலும் படிகிறது. காரம் குறைய வேண்டுமென்றால் விதையைத் தட்டினால் மட்டும் போதாது, வெள்ளைப் பகுதியையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

*

மாடியில் பழுத்த மிளகாயைக் கிளி கொத்துகிறதே, அதற்கு எரியாதா? எரியாது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நம் உடலில் சூட்டை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது. கொதிக்கும் பொருள் பட்டதாகவே மூளை நினைத்துக்கொள்கிறது. 1997இல் இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளின் ஏற்பியைக் கேப்சைசின் தூண்டுவதில்லை. எலி போன்றவை விதையை மென்று அழித்துவிடும். பறவையோ முழுசாக விழுங்கி, எச்சத்தோடு வேறிடத்தில் போட்டுவிடும். தனக்கு உதவாத வாயைத் தடுத்து உதவும் அலகை அனுமதிக்கிறது இந்தச் செடி! யாரும் விதைக்காத வேலியோரத்தில் காந்தாரி மிளகாய் முளைப்பதும் இப்படித்தான். ஆகவே, கிளிக்கு மிளகாய்க் கரைசல் தெளித்துப் பயனில்லை, வலை கட்டுங்கள்.

*

நாக்கு எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலும் தயிரும் கைகொடுக்கும். மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

*

போர்ச்சுகீசியர் வருவதற்கு முன் தமிழர் சமையலில் மிளகாயே கிடையாது. மிளகும் திப்பிலியும்தான் காரம் தந்தன. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த பயிரின் ஒரு வகையான ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது.

*

இலை சுருண்டால் உடனே மருந்தைத் தேடாதீர்கள். எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கலாம். இலை சிறுத்து, மஞ்சளாகி, செடியே குறுகி நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து இல்லை. மனம் கேட்காதுதான், ஆனாலும் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளைக் காக்கும்.

*

சித்திரை வெயிலில் பூ கொட்டுவது உரக் குறைவால் மட்டுமல்ல. வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பூ உதிரத் தொடங்கும். கூடுதல் உரம் போடுவதைவிட நிழல் வலை கட்டுவது மேல்.

*

தக்காளி, கத்தரி, உருளை மூன்றும் மிளகாயின் குடும்பம். ஒன்றின் நோய் மண்ணில் தங்கி மற்றொன்றைத் தாக்கும். கத்தரி எடுத்த தொட்டியில் அடுத்ததாகக் கீரையோ அவரையோ போடுங்கள்.

*

மிளகாய் ஒரு பட்டத்தோடு முடிகிற செடியல்ல. காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து தொழுவுரம் இட்டால் மறுபடி துளிர்க்கும். காந்தாரி சில ஆண்டுகள் வரைகூட நின்று காய்க்கும்.

*

ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற ஹங்கேரி விஞ்ஞானி, ஆய்வுக்குத் தேவையான வைட்டமின் சியை ஏராளமாகப் பிரித்தெடுத்தது அவர் பணியாற்றிய ஊர்ப்பக்கம் விளைந்த பாப்ரிகா மிளகாயிலிருந்து. 1937இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

*

காய்ப்பு மிஞ்சிவிட்டதா? மோர் மிளகாய் போடுங்கள். காம்போடு கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் மீண்டும் மோர் என்று மோர் வற்றும்வரை மாற்றி மாற்றிக் காயவிடுங்கள். வற்றல் என்றால் குலுக்கும்போது விதை கலகலவென ஒலிக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரலாம். பூஞ்சை கண்ட வற்றலைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

*

குடமிளகாய்க்குப் பக்கத்தில் காரமான வகை நின்றால், தேனீக்கள் இரண்டையும் கலந்துவிடலாம். இந்த முறை காயில் மாற்றம் தெரியாது. அதன் விதையைப் போட்டால் குடமிளகாயும் காரமாகக் காய்க்கலாம்! விதைக்கென்று ஒரு கிளையை ஒதுக்கி, பூ மலரும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். கிளையை மெல்ல உலுக்கிவிட்டால் போதும். அந்தக் காய்கள் செடியிலேயே நன்கு சிவந்து பழுத்தபின் விதை எடுங்கள். வீரிய ஒட்டு ரக விதை தாயைப் போல் வராது. முண்டு, சம்பா, காந்தாரி போன்ற நாட்டு வகை விதையே சேமிக்க ஏற்றது. அவற்றில் ஒன்றையாவது இந்தப் பட்டத்தில் தொட்டியில் வளருங்கள். விதை கிடைத்ததும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு பிடி கொடுங்கள்.