கன் தீவில் ஒரு வருஷ வேலை

1956-இல் பண்டாரநாயக்க இலங்கையின் பிரதமரானார். அடுத்த ஆண்டே கட்டுநாயக்க விமானத் தளத்தையும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் பிரிட்டன் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூர் போகும் ராணுவ விமானங்கள் இனி எங்கே இறங்கி எரிபொருள் நிரப்புவது? மாலத்தீவின் தென்கோடியில், பூமத்திய ரேகையைத் தாண்டியதும் வரும் அட்டு தீவுக்கூட்டத்தில் கன் என்ற சின்னத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்களைப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். ஓடுதளம் தீவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, மிச்ச இடத்தில் முகாம் எழுந்தது.

இங்கே வந்து சேர்ந்த இளம் விமானப்படை வீரர்களில் பலர் விமானம் ஓட்டுபவர்கள் அல்லர். மெக்கானிக், சமையல்காரர், தீயணைப்பு வீரர், சாமான் ஏற்றுபவர், ரேடியோ இயக்குபவர். பணிக்காலம் பெரும்பாலும் ஒரு வருஷம். குடும்பத்தை அழைத்துவர அனுமதி இல்லை.

விமானம் பகலில்தான் வரும் என்ற உறுதியும் கிடையாது. நடுநிசியில் பிரிட்டானியா விமானம் ஒன்று இறங்கினாலும் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், எரிபொருள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்ற வேண்டும். கொண்டுவந்த விமானிகள் தூங்கப் போவார்கள். ஏற்கெனவே ஓய்வெடுத்தவர்கள் ஓட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தக் காலத்துச் சத்திரத்தில் மாடு மாற்றிக் கட்டுவது மாதிரிதான். பயணிகளுக்கு இது கால் நீட்ட ஒரு நிறுத்தம். அதை வேகமாக முடித்து அனுப்புவதற்கே தளத்தில் வேலை பார்த்த வீரனுடைய வருஷம் முழுவதும் செலவாயிற்று. 1963 முதல் 1966 வரை போர்னியோவில் இந்தோனேசியாவுடன் மோதல் நடந்தபோது இந்த வழியில் போக்குவரத்து கூடியது.

வேலை முடிந்தால் நீச்சல், பாய்மரப் படகு, பீர், ஆஸ்ட்ரா திரையரங்கில் படம். சொர்க்கத்தீவு என்று தபால் அட்டையில் எழுதலாம். அங்கேயே ஒரு வருஷம் அடைந்து கிடப்பவனுக்கு அடுத்த விமானத்தில் வரும் கடிதம்தான் பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

அவனோடு தோள் சேர்த்து உழைத்தவர்கள் அட்டு மக்கள். அக்கம்பக்கத் தீவுகளிலிருந்து தோணியில் வந்து சமையலறையிலும் பட்டறையிலும் வேலை பார்த்தார்கள். அந்தச் சம்பளம் அரசியலையே கலக்கியது. தலைநகர் மாலேயில் இருந்த அரசின் கட்டுப்பாடுகளும் வரிகளும் பிடிக்காமல் தென் தீவுகள் 1959-இல் தனிக் குடியரசு அறிவித்தன. அதன் தலைவரான அப்துல்லா அஃபீஃப், தளத்துக்கும் ஊராருக்கும் நடுவே தொடர்பாளராக இருந்தவர். பிரிட்டன் கடைசிவரை துணைநிற்கவில்லை. 1963-இல் குடியரசு கலைந்தது. அஃபீஃப் சீஷெல்சுக்குப் போனார்.

1971-இல் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் படையின் பெரும்பகுதி விலகியதும் நடுவழியில் ஒரு தளம் எதற்கு என்ற கேள்வி வந்தது. 1976 மார்ச்சில் கன்னைக் காலி செய்தார்கள். வீரர்களுக்கு அடுத்த தளம் காத்திருந்தது. அட்டு மக்களுக்குச் சம்பளம் நின்றது. ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் பழகிய ஆங்கிலம் கையில் இருந்தது. 1972-இல்தான் மாலத்தீவில் முதல் சுற்றுலா விடுதி திறந்திருந்தது. ஆங்கிலம் தெரிந்த ஆட்கள் அங்கே தேவைப்பட்டார்கள். அட்டு ஆண்கள் வடக்கே கப்பலேறினார்கள்.