கரையோரம் குடிபோகுமுன்: முகவரி மாறும்போது உரிமைகள் என்னாகும்?

பாரிசின் வடக்கே ஸ்தேன், லா கூர்னெவ், லு புர்ஜே என்று அடுத்தடுத்து கிடக்கும் நகரங்களில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. வேலை, மளிகைச் சாமான், கோயில், நகைக்கடை எல்லாவற்றுக்கும் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே இந்த ஊர்களின் பெரிய வசதி. அந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளைகள் வளர்ந்த பின்னும் இரண்டு அறைகளிலேயே குடும்பம் நெருக்கிக் கிடக்கிறது. ஆகவேதான் நோர்மண்டியிலோ பிரித்தானியிலோ கடலோரச் சிற்றூர் ஒன்றுக்குப் போய்விடலாமா என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. விரும்பிய இடத்தில் குடியிருப்பது சட்டப்படி வசிக்கும் எவருக்கும் உள்ள உரிமை. அதில் தவறேதும் இல்லை. ஆனால் பிரான்சில் வதிவிட அனுமதி, சமூக வீடு, வாடகை உதவி, பாடசாலை என்று ஏறக்குறைய ஒவ்வோர் உரிமையும் முகவரியோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. இப்படி இடம்மாறுபவர்களில் பலர் ஏமாறுவது கடலாலோ குளிராலோ அல்ல. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கு தெரியாமையால்தான்.

முதலில் இந்த இடப்பெயர்வின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். கொரோனாக் காலத்தில், பாரிஸ்காரர்கள் எல்லோரும் கிராமத்துக்கும் கடற்கரைக்கும் ஓடுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2022 இல் வெளிவந்த ஆய்வுகள் அதைப் பெருமளவு மறுத்தன: பெரு வெளியேற்றம் எதுவும் நடக்கவில்லை, முன்பே இருந்த ஓட்டம் சற்று வலுத்தது, அவ்வளவே. பாரிஸ் பிராந்தியமான இல்-து-பிரான்சுக்குப் பிற பிராந்தியங்களிலிருந்து வருபவர்களைவிட அங்கிருந்து வெளியேறுபவர்கள் அதிகம் என்பது பல பத்தாண்டுகளாகத் தொடரும் போக்கு. எல்லோரும் போகிறார்கள் என்ற அவசரம் இங்கே தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆறு மாதம் திட்டமிட்டுப் போவதால் எவரும் வாய்ப்பை இழந்துவிட மாட்டார்கள். ஆறு நாளில் முடிவெடுத்துப் போகிறவரோ திரும்பிவர முடியாத நிலையில் மாட்டிக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்கு முதல் ஆபத்து, விசா என்று நாம் சொல்லும் வதிவிட அனுமதி தொடர்பானது. வதிவிட அட்டை வைத்திருப்பவர் வீடு மாறினால், புதிய இடத்துக்குச் சென்ற மூன்று மாதத்துக்குள் அங்குள்ள மாவட்ட நிர்வாக அலுவலகமான பிரிபெக்சருக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். அட்டை புதுப்பிப்பு விண்ணப்பம், அது முடியும் திகதிக்கு நான்கு மாதம் முதல் இரண்டு மாதம் வரை முன்னதாக இணையவழியில் செய்யப்படவேண்டியது. இந்தக் காலத்துக்குள் வீடு மாறினால் கோப்பு ஒரு பிரிபெக்சரிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டிவரும். தாமதத்தின் சுமை விண்ணப்பதாரியின் தலையில்தான் விழும். முடிந்தால் புதிய அட்டை கைக்கு வந்த பிறகே பெட்டி கட்டுவது நல்லது. அகதி அந்தஸ்துப் பெற்றவர், அந்த அந்தஸ்தை வழங்கும் அலுவலகமான ஒப்ராவுக்கும் புதிய முகவரியை அறிவிக்கவேண்டும். தஞ்சக்கோரிக்கை நிலுவையில் உள்ளவரின் நிலை இன்னும் நுட்பமானது. 2018 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு, எந்தப் பிராந்தியத்தில் தங்குவது என்பதை ஒஃபி எனும் குடிவரவு அலுவலகமே தீர்மானிக்கிறது. அதன் அனுமதியின்றிப் பிராந்தியத்தை விட்டுப் போனால் மாதாந்த உதவித்தொகையும் தங்குமிடமும் நிறுத்தப்படலாம். பிரித்தானிக்கு அனுப்பப்பட்டவர் லா சப்பலுக்குத் திரும்பி வருவதானாலும், ஸ்தேனில் இருப்பவர் கடற்கரைக்குப் போவதானாலும் இந்த விதி ஒன்றே. பழைய முகவரிக்கு வந்த அழைப்புக் கடிதம் கைக்குக் கிடைக்காமல் நேர்காணல் தவறிப்போவதும் இதே வகை ஆபத்துத்தான்.

இரண்டாவது, விட்டுப்போகும் வீடு. வெற்று வீட்டை வாடகைக்கு எடுத்தவர் மூன்று மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பது 1989 யூலை 6 ஆம் திகதிச் சட்டத்தின் பொது விதி. பாரிசும் அதன் புறநகரங்களும் வீட்டுத் தட்டுப்பாட்டு வலயத்தில் இருப்பதால், தனியார் வீட்டில் இருப்பவருக்கு ஒரு மாதம் போதும். ஆனால் அந்தக் காரணத்தைக் கடிதத்தில் எழுதியிருக்கவேண்டும்; எழுத மறந்தால் மூன்று மாத வாடகையும் கட்டவேண்டிவரும். கடிதத்தை ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்புவது பாதுகாப்பானது. வீட்டுக்காரர் அதைப் பெற்ற நாளிலிருந்தே காலம் கணக்கிடப்படும். முற்பணத்தை, வெளியேறும்போது வீட்டில் சேதம் எதுவும் பதியப்படவில்லையானால் ஒரு மாதத்துக்குள்ளும், பதியப்பட்டிருந்தால் இரண்டு மாதத்துக்குள்ளும் வீட்டுக்காரர் திருப்பித் தரவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 வீதம் கூடுதலாகத் தரவேண்டும் என்பதும் சட்டமே. வீட்டு நிலை அறிக்கையில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடுபவர் இந்த உரிமையைத் தானே கைவிடுகிறார்.

அஷ்.எல்.எம் எனப்படும் சமூக வீட்டில் இருப்பவர் இரு மடங்கு யோசிக்கவேண்டும். இல்-து-பிரான்சில் பெறும் சமூக வீட்டு விண்ணப்ப எண் அந்தப் பிராந்தியத்துக்குள் மட்டுமே செல்லும். வெளியே போனால் அங்கே புதிதாகப் பதியவேண்டும். கடலோர வாழ்க்கை சரிவராமல் திரும்பி வந்தால் ஸ்தேனில் மீண்டும் வரிசையின் கடைசியில்தான் இடம். இந்த அச்சத்தில் சிலர் வீட்டை விடாமல், உறவினரையோ வேறு குடும்பத்தையோ இருத்தி வாடகை வாங்கிக்கொண்டு போக நினைக்கிறார்கள். அது பெரும் பிழை. சமூக வீட்டில் ஆண்டுக்கு எட்டு மாதமாவது தானே குடியிருக்கவேண்டும் என்பது பொது விதி. முழு வீட்டையும் பிறருக்கு உள்வாடகைக்கு விடுவது தடை. அதற்கு 9,000 யூரோ வரை தண்டம் உண்டு, குத்தகையும் இரத்தாகலாம். அப்போது அங்கே காசு கொடுத்துக் குடியிருக்கும் குடும்பமும் சேர்ந்தே தெருவுக்கு வரும்.

மூன்றாவது, வேலை. தானாக வேலையை விட்டவருக்குப் பொதுவாக வேலையற்றோர் கொடுப்பனவு உடனே கிடையாது. துணைவர் புதிய வேலைக்காக வேறு ஊருக்குப் போவதால் அவரைப் பின்தொடர்ந்து வேலையை விடுவது, நியாயமான விலகலாக ஏற்கப்படும் காரணங்களில் ஒன்று. ஆகவே இருவரும் ஒரே நாளில் இராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்குப் பதிலாக, ஒருவர் முதலில் அங்கே வேலை ஒப்பந்தம் பெற்று, மற்றவர் அதன் ஆதாரத்தோடு விலகுவதே சரியான ஒழுங்கு. முதலாளியோடு பேசி இருதரப்பு உடன்பாட்டில் பிரிவது இன்னொரு வழி. அதில் கையெழுத்திட்ட பிறகும் 15 நாட்களுக்குள் மனம் மாற இரு தரப்புக்கும் உரிமை உண்டு. உணவகத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கடலோரத்தில் வேலை எளிதாகக் கிடைக்கலாம். ஆனால் அது கோடைகால வேலையா, ஆண்டு முழுவதுமா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டும்.

நான்காவது, அங்கே எடுக்கும் வீடு. கரையோரம் என்றால் மலிவு என்பது பாதி உண்மை. சுற்றுலாப் பயணிகளுக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விடுவது இலாபம் என்பதால் பல ஊர்களில் நிரந்தர வாடகை வீடுகள் குறைந்துவிட்டன. சென்-மாலோ நகரசபை 2021 இலேயே இத்தகைய வீடுகளுக்கு வட்டாரவாரியாக உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. இதிலிருந்து பிறக்கும் தந்திரம் ஒன்று உண்டு: செப்டெம்பரில் தொடங்கும் ஒன்பது மாதக் குத்தகை கொடுத்து, கோடையில் குடும்பத்தை வெளியேற்றுவது. தளபாடமிட்ட வீட்டுக்கு ஒன்பது மாதக் குத்தகை என்பது மாணவர்களுக்கு மட்டுமே உரியது. குடும்பம் அதை முதன்மை வதிவிடமாகக் கொண்டால் குத்தகை குறைந்தது ஓராண்டு. வெற்று வீடானால் தனிநபர் வீட்டுக்காரரிடமும் மூன்று ஆண்டு. வெப்பமூட்டலும் கவனிக்கவேண்டியது. சக்தித் தரப்படுத்தலில் மிகக் கீழான ஜி வகுப்பு வீட்டை 2025 யனவரி முதல் புதிதாக வாடகைக்கு விடமுடியாது. கோடைக்கென்று கட்டிய வீட்டில் குளிர்காலம் கழிப்பவர், வாடகையில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் கொடுப்பார். வீட்டுக்காரர் எந்த ஆவணங்களைக் கேட்கலாம் என்பதை 2015 ஆம் ஆண்டின் அரசாணை வரையறுத்திருக்கிறது. வங்கிக் கணக்கறிக்கையைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை. பெயரையோ நிறத்தையோ பார்த்து வீடு மறுப்பது மூன்று ஆண்டு சிறையும் 45,000 யூரோ தண்டமும் வரை விதிக்கக்கூடிய குற்றம். 39 28 என்ற இலக்கத்தில் உரிமைக் காப்பாளர் அலுவலகத்திடம் இலவசமாக முறையிடலாம்.

வாங்குபவருக்குக் கடல் தனியொரு கேள்வி. 2010 பெப்ரவரி 27 இரவு தொடங்கிய சிந்தியா புயலில், வோந்தே மாவட்டத்தின் லா ஃபோத்-சூர்-மேர் என்ற சிற்றூரில் மட்டும் 29 பேர் இறந்தனர். வெள்ளம் புகக்கூடிய தாழ்நிலத்தில், அணைக்கட்டின் பின்னால் வீடு கட்ட அனுமதிக்கப்பட்டிருந்தது. அன்றைய நகரபிதாவை நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. போன உயிர்கள் திரும்பவில்லை. ஜிரோந்த் மாவட்டத்து சூலாக்கில் லு சிக்னால் என்ற தொடர்மாடி, 1960களின் இறுதியில் கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் தள்ளிக் கட்டப்பட்டது. கரை அரிக்கப்பட்டு 2014 இல் அதன் 78 வீடுகளில் இருந்தவர்களும் வெளியேற்றப்பட்டனர். 2023 இல் கட்டடம் இடிக்கப்பட்டது. வெள்ளம் இயற்கை அனர்த்தமாக அறிவிக்கப்பட்டால் காப்புறுதி ஈடுசெய்யும். மணற்கரை மெல்ல அரிபடுவதை அந்த முறை ஈடுசெய்வதில்லை. அதனால்தான் லு சிக்னால் உரிமையாளர்கள் பல ஆண்டு போராடி, இறுதியில் அரசின் சிறப்பு ஏற்பாட்டில் பகுதி இழப்பீடே பெற்றார்கள்.

இந்தப் பாடங்களுக்குப் பிறகு சட்டம் வாங்குபவரின் பக்கம் சற்று நகர்ந்திருக்கிறது. 2023 யனவரி முதல், வீட்டை முதன்முறை பார்க்கும்போதே ஆபத்து நிலை அறிக்கையைக் கையில் தரவேண்டும். இது வாடகைக்கும் பொருந்தும். தராவிட்டால் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யவோ விலையைக் குறைக்கவோ நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஜெயோரிஸ்க் என்ற அரச இணையத்தளத்தில் முகவரியைக் கொடுத்து எவரும் தாமே சரிபார்க்கலாம். முதல் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னும் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். வங்கிக்கடன் மறுக்கப்பட்டால் முற்பணத்தை இழக்காமல் விலகலாம் என்ற நிபந்தனையும் அதில் இருக்கவேண்டும். சீட்டுக்காசில் வீடு வாங்க எண்ணுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும்: நொத்தாரிசுக்கான 3,000 யூரோவுக்கு மேற்பட்ட தொகை வங்கிப் பரிமாற்றத்தில்தான் போகவேண்டும், காசு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டே ஆவார். வாய்ச்சொல்லில் நடந்த சீட்டுக்குக் காட்ட ஆவணம் இருக்காது.

இவ்வளவையும் பார்த்தால் யார்தான் போவார்கள் என்று கேட்கலாம். ஒன்றையும் பார்க்காமல் போய் நன்றாக இருப்பவர்கள் இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் நன்றாக இருப்பவரின் கதைதான் கலியாண வீட்டில் பேசப்படும். சமூக வீட்டையும் கொடுப்பனவையும் இழந்து திரும்பியவர் அதை வெளியே சொல்வதில்லை. மேலே சொன்ன விதிகளில் பெரும்பாலானவை போகிறவரைத் தடுப்பவையும் அல்ல, காப்பவை. பத்து நாள் விலகல் உரிமையும் ஓராண்டுக் குத்தகையும் அவருக்காகவே எழுதப்பட்டவை. சமூகத்தை விட்டுத் தூரப்போவது பிள்ளைகளின் தமிழைப் பறிக்கும் என்பது கனமான மறுப்பு. தமிழ்ச்சோலை வகுப்பும் கோயிலும் இல்லாத ஊரில் அந்தச் சுமை பெற்றோர் மேல்தான் விழும்; அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. கைம்மாற்றுக்கும் மொழிபெயர்ப்புக்கும் லா சப்பலில் கிடைக்கும் உதவி அங்கே இல்லை என்பதால்தான் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் தாமே படிக்கும் அளவு பிரெஞ்சு முன்கூட்டியே தேவைப்படுகிறது.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் விசாவின் நிலை, அடுத்து வேலை ஒப்பந்தம், அதன்பின் குளிர்கால மாதமொன்றில் ஊரையும் வீட்டையும் நேரில் பார்த்தல், ஆபத்து அறிக்கையைப் படித்தல், புதிய குத்தகையில் கையெழுத்து, கடைசியில்தான் பழைய வீட்டுக்கு முன்னறிவித்தல். போன பின் வாடகை உதவி வழங்கும் கஃபுக்கு அதே மாதத்தில் விண்ணப்பம், வாகனப் பதிவுப் பத்திரத்தில் ஒரு மாதத்துக்குள் முகவரி மாற்றம், பழைய பாடசாலையிலிருந்து விலகல் சான்றிதழோடு புதிய ஊரின் நகரசபையில் பிள்ளைகளின் பதிவு. சந்தேகம் எழும் இடமெல்லாம் இலவச உதவி இருக்கிறது: வீடு பற்றிய கேள்விக்கு பெரும்பாலான மாவட்டங்களில் உள்ள அதீல் நிலையம், படிவங்களுக்கு பிரான்ஸ் செர்வீஸ் நிலையம், முற்பணத் தகராறுக்கு மாவட்ட இணக்கசபை. அதீலில் ஒரு சந்திப்புக்கு நேரம் எடுக்காமல் எந்தக் குத்தகையிலும், எந்த விற்பனை ஒப்பந்தத்திலும், எந்த இராஜினாமாக் கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்.