கறுப்புப் பட்டியின் பொருள்

மனிதன் தான் கற்றதைப் பிறர் அறியுமாறு காட்டும் அடையாளங்களை எக்காலத்தும் விரும்பியே வந்திருக்கின்றான். புலவனுக்குப் பொன்னாடையும் பட்டதாரிக்கு மேலங்கியும் எவ்வாறோ, அவ்வாறே தற்காப்புக் கலை பயில்வோனுக்குக் கறுப்புப் பட்டி அமைந்துள்ளது. இன்று கம்பளை, கண்டி முதலிய மலைநாட்டு நகரங்களிலும் வெண்ணிற உடை தரித்துக் கராத்தே பயிலச் செல்லும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். கறுப்புப் பட்டி எப்பொழுது கிடைக்கும் என்பதே பெற்றோர் பலர் வினவும் வினா. அது கிடைத்தால் யாது கிடைத்ததாகும் என்னும் வினாவோ அரிதாகவே எழுகின்றது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பளைக்குப் போர்க்கலை புதியதன்று. பதினான்காம் நூற்றாண்டில் அந்நகர் அரசிருக்கையாய் விளங்கிய காலத்தில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் கதிர்காமக் கந்தனுக்கென எடுப்பித்தது அயலிலுள்ள எம்பெக்கே தேவாலயம். அதன் மேள மண்டபத்து மரத்தூண்களிலே அன்னங்களும் நடனமாதும் இரட்டைத்தலைப் பறவையும் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றினிடையே ஒருவரையொருவர் பிடித்து நிற்கும் மல்லர் இருவரும் உளர். சிங்கள மக்களின் பழைய போர்க்கலை அங்கம்பொற எனப்படும். வெறுங்கையாற் செய்யும் போர் அங்கம் என்றும், படைக்கலங் கொண்டு செய்வது இலங்கம் என்றும் வழங்கும். கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் நிகழ்ந்த 1817-18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் இக்கலையைத் தடைசெய்தனர் என்பர். எனினும் ஒருசில குடும்பங்கள் அதனை மறைவிற் காத்து வந்தன.

அங்கம்பொறவின் பழைய மரபிலே தேர்ச்சியைக் காட்டும் வண்ணப் பட்டி இல்லை. கற்ற கலையைத் தீய வழியிற் பயன்படுத்தேன் என மாணாக்கன் உறுதிமொழி கூறுவான். அவன் தகுதியை ஆசிரியர் தம் கண்ணால் அளந்து அறிவார். தமிழகத்துச் சிலம்ப ஆசான்மாரும் வர்மத்தின் நுட்பங்களை எளிதில் வெளியிடார். மாணாக்கனின் பொறுமையையும் ஒழுக்கத்தையும் நெடுநாள் நோக்கிய பின்னரே கற்பிப்பர். ஆசானின் நம்பிக்கையே அங்குப் பட்டமாயிற்று.

ஆசானும் மாணாக்கனும் ஓரூரில் ஒருங்கு வாழ்ந்த காலத்திற்கு அம்முறை போதியதாய் இருந்தது. பலர் கூடிப் பயிலும் நவீனக் கல்விக்கோ படிமுறை ஒன்று வேண்டியதாயிற்று. அதனை வகுத்தவர் யப்பான் நாட்டு ஜிகோரோ கானோ (1860-1938). அவர் தொழிலால் ஆசிரியர். டோக்கியோ உயர்தர ஆசிரியர் கலாசாலையின் அதிபராய் நெடுங்காலம் பணியாற்றியவர். 1882ஆம் ஆண்டில், ஒரு பௌத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்கள் விரித்த சிற்றிடத்தில், கொடோகான் என்னும் யூடோப் பள்ளியை அவர் நிறுவினார். பழைய பள்ளிகளில் நெடுங்கால இடைவெளியிலேயே சான்றுச் சுருள்கள் வழங்கப்பட்டன. இடையிலே மாணாக்கர் ஊக்கம் குன்றாதிருக்கக் கானோ பல படிகளை அமைத்தார். கோ என்னும் பலகையாட்டத்தில் ஏற்கெனவே வழங்கிய ‘டான்’ என்னும் தரமுறை இதற்குப் பயன்பட்டது. 1883இல் மாணாக்கர் இருவர் முதலாம் டான் பெற்றனர். டான் பெற்றோர் கறுப்புப் பட்டி அணியும் வழக்கம் சில ஆண்டுகளின் பின் ஏற்பட்டது. ஒக்கினாவாத் தீவினரான கிச்சின் புனகோசி 1924இல் இம்முறையைக் கராத்தேக்கும் கொண்டுவந்தார். அவரும் பள்ளி ஆசிரியராய் இருந்தவரே. ஆகவே கறுப்புப் பட்டி போர்க்களத்தில் தோன்றியதன்று. வகுப்பறையின் வழியாக வந்தது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. முதற் கறுப்புப் பட்டிக்குரிய தரம் யப்பானிய மொழியில் ‘சோடான்’ எனப்படும். அதன் பொருள் ‘தொடக்கப் படி’ என்பதாம். முடிவைக் குறிப்பதெனப் பலர் எண்ணுவது உண்மையில் தொடக்கத்தையே குறிக்கின்றது. கராத்தேயில் இத்தேர்வு பொதுவாக மூன்று கூறுகளை உடையது: அடிப்படை அசைவுகள், கட்டா எனப்படும் ஒழுங்கமைந்த தொடரசைவு, எதிராளியோடு பொருதல். இவற்றில் தேறியவன் எழுத்துக் கற்று வாசிக்கத் தொடங்கிய மாணாக்கனை ஒப்பான். நூல்கள் இனிமேல்தான் உள. யூடோவில் ஆறாம் டான் முதலாகச் செவ்வெண்ணிறப் பட்டியும், ஒன்பதாம் டான் முதலாகச் செந்நிறப் பட்டியும் அணிவதுண்டு என்பதும் இதனை விளக்கும்.

வெண்பட்டி பல்லாண்டு துவைக்கப்படாது அழுக்கேறிக் கறுத்ததே கறுப்புப் பட்டியாயிற்று என்றொரு கதை உலவுகின்றது. அதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. இடையிலுள்ள பல வண்ணங்களும் பழையன அல்ல. 1930களில் ஐரோப்பாவில் யூடோ பரவியபோதே அவை பெருகின.

பட்டியின் மதிப்பு எங்கும் ஒன்றன்று. உலகிலுள்ள எல்லாப் பள்ளிகளையும் கட்டுப்படுத்தும் தனியதிகாரம் எதுவும் இல்லாமையால், ஒருவரிடம் ஐந்தாண்டு உழைத்துப் பெறுவதை மற்றொருவரிடம் ஈராண்டிற் பெறலாம். பணத்தினாலே பெறுதலும் இயலும். கொரியாவின் குக்கிவொன் நிலையம் பதினைந்து வயதிற்குட்பட்ட டைகொண்டோ மாணாக்கருக்கு டான் வழங்காது, ‘பூம்’ என்னும் வேறு தரம் வழங்குதல் சிறந்த முன்மாதிரியாகும். பெற்றோர் பட்டியின் நிறத்தைக் கேட்குமுன் அதனை அளிப்பவரின் தகைமையைக் கேட்டல் வேண்டும். தகுதியின்றி அளிக்கப்படும் பட்டி பயனற்றது மட்டுமன்று, தீங்கும் பயப்பது. தன்னை வல்லவன் என நம்பும் சிறுவன் விலகிச் செல்லவேண்டிய சண்டையிலே நின்று துன்புறுவான். மெய்யாகவே தேறியவனோ வலிமையின் எல்லையையும் அடியின் விளைவையும் அறிந்தவனாதலின் சண்டையைத் தவிர்க்க முயல்வான். தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதலைக் கானோ தம் கலையின் குறிக்கோளாக வைத்ததும் இதுபற்றியே.

தமிழ் வழக்கில் ‘கச்சை கட்டுதல்’ என்னுந் தொடர் வினைமுடித்தலைக் குறிப்பதில்லை. வினைக்கு ஆயத்தமாதலையே குறிக்கும். கறுப்புப் பட்டியின் பொருளும் அதுவே. கல்லூரியிற் பெறும் பட்டத்திற்கும் இது பொருந்தும். தேர்வில் தேறியதும் நூலை மூடிவைப்பவன் பட்டதாரியே ஆயினும் கற்றவனாகான். பட்டி பெற்றதும் பயிற்சியைக் கைவிடுபவனும் அத்தகையனே. இடையிற் கட்டிய துணி ஒருநாளில் வந்தது. அதற்குரிய தகுதியை ஒவ்வொரு நாளும் பயின்றே காத்தல் வேண்டும்.