பீரோ நகராத கணக்கு

அக்கா வீடு மாற்றிய அன்று, சாமான்கள் எல்லாம் வண்டியேறிய பிறகு கடைசியாக மிஞ்சியது இரும்பு பீரோ. பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் தோள் கொடுத்து முக்கினான். பீரோ அசையவில்லை. நானும் கூடச் சேர்ந்து தள்ளினேன். மொசைக் தரையில் 'கிறீச்' என்று ஒரு சத்தம், கிளம்பிவிட்டது. கிளம்பிய பிறகு அவன் ஒருவனே வாசல்வரை தள்ளிக்கொண்டு போனான். "அசையற வரைக்கும்தான் மாமா கஷ்டம், அப்புறம் தானா போவுது" என்றான்.

பாடப் புத்தகத்தில் ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது இதைத்தான். பையன் அதைத் தோளால் உணர்ந்துவிட்டான். ஆனால் அன்று இரவு அவன் நோட்டில் இருந்த கணக்கு வேறு கதை சொன்னது.

கேள்வி இதுதான். பீரோவின் நிறை 80 கிலோ. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. ஒருவர் 250 நியூட்டன் விசையோடு கிடைமட்டமாகத் தள்ளுகிறார். உராய்வு விசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் எடை 800 நியூட்டன். அதை 0.5 ஆல் பெருக்கி, 400 நியூட்டன் என்று எழுதியிருந்தான்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "நீ முன்னால 250 தள்ற, தரை பின்னால 400 தள்ளுதுன்னா, பீரோ உன் மேலயே வந்து விழணுமேப்பா?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். "அப்போ 250 தானா மாமா?"

250 தான். உராய்வுக் கணக்கில் மாணவர்கள் இடறும் முதல் இடம் இது. குணகத்தைச் செங்குத்து விசையால், அதாவது தரை பீரோவை மேல்நோக்கித் தாங்கும் விசையால், பெருக்கினால் கிடைக்கும் 400 என்பது உச்ச வரம்பு. நீங்கள் 100 தள்ளினால் தரை 100 கொடுக்கும், 399 தள்ளினால் 399 கொடுக்கும். தள்ளவே இல்லையென்றால் உராய்வே இல்லை. வரம்பைத் தாண்டினால்தான் பிடி விடும், விட்டபின் 0.4 கணக்கில் 320 மட்டுமே எதிர்க்கும். அப்போதும் நீங்கள் அதே 400-ஐச் சற்றும் குறைக்காமல் தள்ளிக்கொண்டிருந்தால் மிச்சம் 80 நியூட்டன். 80 கிலோ பீரோவுக்கு அது நொடிக்கு நொடி 1 மீட்டர் வேகம் கூட்டும். 'தானா போவுது' என்று பையன் சொன்னது இந்த 80 நியூட்டனைத்தான்.

இங்கே இன்னொரு சந்தேகமும் எழும். பீரோவைப் படுக்கவைத்து இழுத்தால் தரையோடு உரசும் பரப்பு கூடுகிறதே, உராய்வும் கூடாதா? கூடாது. லியொனார்டோ டா வின்சி இதைத் தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தார். அவை அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1699-இல் பிரான்சின் கியோம் அமோந்தோன் மறுபடி கண்டறிந்து வெளியிட்டார். 1785-இல் கூலூம் விரிவான சோதனைகளால் அதை உறுதிசெய்தார். மின்னியலில் நாம் படிக்கும் அதே கூலூம். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பும் நுட்பமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். உண்மையில் தொட்டுக்கொள்வது சில முகடுகள் மட்டுமே. எடை ஒரு சிறு பரப்பில் குவிந்தால் அந்த முகடுகள் நன்றாக நசுங்கும். பெரிய பரப்பில் பரவினால் லேசாக நசுங்கும். மொத்தத் தொடுகை ஏறக்குறைய அதேதான்.

இரண்டாவது இடறல் செங்குத்து விசையில். அது எப்போதும் எடைக்குச் சமம் என்று மனப்பாடமாகிவிடுகிறது. அரிசி மண்டியில் 50 கிலோ மூட்டையை நகர்த்துபவர்களைக் கவனித்துப் பாருங்கள். குனிந்து தள்ளுவதைவிட, காதைப் பிடித்து மேல்நோக்கிச் சாய்த்து இழுக்கத்தான் பார்ப்பார்கள். உராய்வுக் குணகம் 0.4, சாய்வு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இழுக்கும்போது விசையின் ஒரு பகுதி மூட்டையைத் தூக்குகிறது. தரைமேல் அழுத்தம் குறைகிறது. 188 நியூட்டன் போதும். அதே சாய்வில் கீழ்நோக்கித் தள்ளினால் ஒரு பகுதி மூட்டையைத் தரையோடு அமுக்குகிறது. 300 நியூட்டன் வேண்டும். மூட்டை அதேதான், தரையும் அதேதான். ஆனால் ஒன்றரை மடங்குக்கும் மேலே வித்தியாசம்.

இந்தப் பிழை வராமல் இருக்க ஒரு வழி உண்டு. சூத்திரத்தை எழுதுமுன் படம் வரைய வேண்டும். பொருளை ஒரு கட்டமாக வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாகப் போடுங்கள்: எடை கீழே, தரை மேலே தாங்குவது, நீங்கள் கொடுக்கும் விசை, கடைசியில் உராய்வு. மேல்-கீழ் அம்புகளைச் சமன்செய்தாலே செங்குத்து விசை தானாக வந்துவிடும். மதிப்பெண்ணுக்காக இதைச் சொல்லவில்லை. படம் வரையாமல் உராய்வுக் கணக்கு போடுவது, விலாசம் எழுதாமல் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுவது மாதிரி.

உராய்வை ஏன் கடைசியில் போடச் சொல்கிறேன் என்றால், அதன் திசை சட்டென்று தெரியாது. 'உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்' என்று சின்ன வகுப்பில் படித்த வரி பெரிய வகுப்பில் ஆளைக் கவிழ்த்துவிடும். லாரி கிளம்புகிறது, மேலே இருக்கும் பெட்டியும் சேர்ந்து முன்னால் போகிறது. பெட்டியை முன்னால் கொண்டுபோவது எது? உராய்வுதான். நாம் நடப்பதும் அப்படித்தான்: பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. உராய்வு எதிர்ப்பது இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை மட்டுமே. 'உராய்வே இல்லாவிட்டால் இது எந்தப் பக்கம் வழுக்கும்?' என்று கேட்டு, அதற்கு எதிர்த்திசையில் அம்பைப் போட்டால் தவறாது.

அதே லாரி பிரேக் போடட்டும். பெட்டிக்கும் பலகைக்கும் ஓய்வுநிலைக் குணகம் 0.3 என்றால், பெட்டியின் வேகத்தை உராய்வால் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் குறைக்க முடியாது. 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் வரும் லாரி, சீராக வேகம் குறைந்து சுமார் 17 மீட்டருக்குள் நின்றுவிட்டால் பெட்டி முன்னால் வழுக்கும். கயிற்றால் இறுக்கிக் கட்டாத சரக்கு டிரைவர் முதுகுப் பக்கம் பாய்வது இப்படித்தான்.

பையனிடம் கடைசியாகக் கொடுத்த கணக்கு பைக். 60 கிலோமீட்டர் வேகம், நொடிக்கு 16.7 மீட்டர். உலர்ந்த தார் சாலையில் குணகம் 0.7 என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, குணகத்தையும் 10-ஐயும் பெருக்கியதன் இருமடங்கால் வகுத்தால் நிற்கும் தூரம்: 20 மீட்டர். நிறை எங்கே போயிற்று என்று தேடினான். இரண்டு பக்கமும் இருந்து அடிபட்டுப் போகிறது. இந்தக் கணக்கில் ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒரே தூரம்தான். வேகம் பாதியாகி 30 ஆனால் தூரம் கால்பங்கு, 5 மீட்டர். மழையில் குணகம் 0.4 ஆக இறங்கினால் 60-இல் 35 மீட்டர்.

இதில் ஓய்வுநிலை உராய்வு மறுபடி வருகிறது. உருளும் டயரில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் வழுக்குவதில்லை. அங்கே வேலை செய்வது ஓய்வுநிலை உராய்வு. பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் வழுக்கத் தொடங்கும். பிடி குறைவான இயக்க உராய்வுதான் மிஞ்சும், வண்டியைத் திருப்பவும் முடியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ் செய்யும் வேலை. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

20, 35 என்று சொன்ன தூரங்கள் பிரேக் பிடித்த பிறகு ஓடுபவை. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க 1 நொடி ஆனாலே 60-இல் இன்னும் 17 மீட்டர் சேரும். உங்கள் வீட்டில் பைக் எடுக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கை ஒருமுறை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். உலர்ந்த சாலையில் 60-இல் பிரேக் பிடித்து நிற்கும் அதே 20 மீட்டருக்குள் மழையில் நிற்க வேண்டுமானால், முள் 45-ஐத் தாண்டக் கூடாது.