இறங்கத் தடை, எட்டி நின்று பார்க்கலாம்: சிலிகா ஏரியின் பறவைத் தீவு

புவனேசுவரம்: மழைக்காலத்தில் நீருக்குள் மூழ்கி, குளிர்காலத்தில் மீண்டும் வெளிப்படும் தீவு ஒன்று ஒடிசாவின் சிலிகா ஏரியில் உள்ளது. நளபானா எனப்படும் இத்தீவுக்குச் சாலையோ பாலமோ கிடையாது. சென்னை - ஹௌரா ரயில் பாதையில் உள்ள பாலுகாவ்ன் நிலையத்துக்கு அருகே, பர்குல் படகுத் துறையிலிருந்து விசைப்படகில்தான் செல்ல வேண்டும்.

மழை ஓய்ந்து நீர் வடிந்ததும் தீவைச் சுற்றிச் சேற்றுப் பரப்பு தலைகாட்டுகிறது. அதிலுள்ள புழுக்கள், நத்தைகள், நீர்த்தாவரங்களைத் தேடி நவம்பர் முதல் பறவைகள் குவிகின்றன. இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள், ஊசிவால் வாத்துகள், பூநாரைகள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஏரி முழுவதும் 2024-ல் நடந்த கணக்கெடுப்பில் 11 லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் பதிவாயின.

15.53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நளபானா, 1987-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பருவகாலத்தில் பறவைகள் தங்கும் பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகள் இறங்க அனுமதியில்லை. படகை எட்டத்தில் நிறுத்தி, தொலைநோக்கி வழியாகவே காண வேண்டும். படகின் இரைச்சலால் கூட்டம் கூட்டமாக எழும் பறவைகள், நெடும்பயணத்துக்காகச் சேமிக்க வேண்டிய வலுவை இழக்கின்றன என்பதே இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம்.

ஆனால், தடை மட்டுமே இந்த ஏரியைக் காப்பாற்றிவிடவில்லை. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 1981-ல் இடம்பெற்ற சிலிகா, கடலுடன் இணையும் முகத்துவாரம் மணலால் தூர்ந்ததால் சீரழிந்தது. உப்புத்தன்மை குறைந்தது, களைகள் பெருகின, மீன்வளம் சரிந்தது. 1993-ல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்ட பின்னரே கடல்நீர் தாராளமாக உட்புகுந்தது. மீன்வளம் மீண்டது. 2002-ல் அப்பட்டியலிலிருந்து ஏரி நீக்கப்பட்டது.

ஏரியின் வடகரையில் உள்ள மங்களஜோடி கிராமத்தின் கதையும் இதனுடன் சேர்ந்ததே. ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. வேட்டையைக் கைவிட்ட பலர் இன்று பறவைகளைக் காவல் காக்கின்றனர். பயணிகளைத் துடுப்புப் படகில் அழைத்துச் சென்று பிழைக்கின்றனர். பறவைகளின் தடமறிந்து வேட்டையாடிய அதே அனுபவம் இப்போது வழிகாட்டும் தொழிலுக்கு முதலாகியுள்ளது.

எனினும் கவலை நீங்கவில்லை. வலைகளால் நீரைத் தடுத்து இறால் வளர்க்கும் அடைப்புகள் அகற்றப்பட்டும் மீண்டும் மீண்டும் முளைக்கின்றன. அவை மீன்களின் வழியை மறிப்பதுடன் நீரோட்டத்தையும் தடுக்கின்றன. ஏரியை நம்பி லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் வாழ்கின்றனர். நீரோட்டம் தடைபட்டால் முதலில் பாதிக்கப்படுவது அவர்களின் வலை. அடுத்து, பறவைகளின் இரை.